தேர்ந்தெடுத்தவர் படும் கடன்

2003 ஜூனில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணிக்கு அரிய வாய்ப்பு ஒன்று வாய்த்தது. முந்தைய பருவத்தில் 50 ஆட்டங்களை வென்ற அணி அது. புதிய வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அத்தகைய அணிகளுக்குக் கடைசியில்தான் முறை வரும். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்ட வீரர் பரிமாற்றம் ஒன்றின் பயனாக, இரண்டாம் இடம் அதன் கைக்கு வந்தது. செர்பியாவின் டார்கோ மிலிச்சிச்சை எடுத்தார்கள். வயது 18, உயரம் ஏழடி, தேர்ச்சி குறைவு. அடுத்த மூன்று இடங்களில் போனவர்கள், பின்னாளில் நட்சத்திரங்களான கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட்.

முதல் பருவத்தில் டார்கோ 34 ஆட்டங்களில் இறங்கினார். சராசரி ஐந்து நிமிடம்கூட இல்லை. பயிற்சியாளர் லாரி பிரவுன் அனுபவசாலிகளையே நம்பினார். 2004இல் அணி கோப்பையை வென்றது. 2006இல் டார்கோவை ஆர்லாண்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பழியைப் பயிற்சியாளர்மேல் போடுவது எளிது; ஆனால் நியாயமில்லை. அந்த அணியின் தூணான பென் வாலஸை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. முட்டிமோதி மேலே வந்தவர், அப்போது உச்சத்தில் இருந்தார். ஆட்டக்காரர்களின் உச்சகாலம் சில ஆண்டுகள்தான். ஓர் இளைஞன் தவறு செய்து கற்றுக்கொள்ள அவர்களுடைய கோப்பையைப் பணயம் வைக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

தவறு அந்த ஜூன் மாதத்திலேயே நடந்துவிட்டது. எந்த ஊருக்குப் போவது, யாரிடம் கற்பது என்பதில் டிராஃப்டுக்கு வரும் இளைஞனுக்குப் பெரும்பாலும் பேச்சில்லை. முடிவெடுக்கும் உரிமை முழுக்க அணியின் பக்கம் இருப்பதால், அவன் வளரத் தன்னிடம் இடம் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பும் அணியுடையதே. தற்காப்பில் கால் மெதுவா, உடலில் வலு போதாதா என்று வீரனின் குறைகளைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவனுக்கு எத்தனை நிமிடம் தர முடியும், அவனால் வரும் எத்தனை தோல்விகளைத் தாங்க முடியும் என்று தங்களைப் பற்றியும் அதே கறாரோடு எழுத வேண்டாமா?

டார்கோவுக்கு இரண்டாம் இடத்துக்கான பெருஞ்சம்பளம் கிடைத்ததே என்று கேட்கலாம். கிடைத்தது உண்மைதான். பின்னாளில் அவரே தன் குறைகளையும் ஒப்புக்கொண்டார். ஆனால் 18 வயதில் களத்துக்கு வெளியே உட்கார்ந்தே கழிந்த பருவங்களைச் சம்பளம் ஈடுசெய்யாது. அந்த வயதில் ஆட்டம் ஆடித்தான் வரும்.

2013இல் மில்வாக்கி பக்ஸ் 15ஆம் இடத்தில் எடுத்த யானிஸ் அன்டெட்டோகௌன்போவும் 18 வயதுக்காரர்தான். கிரேக்கத்தின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த ஒல்லிப் பையன். முதல் பருவத்தில் 77 ஆட்டங்கள், ஆட்டத்துக்குச் சராசரி 24 நிமிடத்துக்கு மேல். அவர் தடுமாறவும் அங்கே இடம் இருந்தது. 2021இல் அதே அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தார்.

அந்த முதல் பருவத்தில் பக்ஸ் வென்றவை 15, தோற்றவை 67. பயிற்சியாளர் லாரி ட்ரூ அடுத்த பருவம் தொடங்கும் முன்பே நீக்கப்பட்டார். இளைஞனை வளர்க்கும் காலத்துத் தோல்விகள் பயிற்சியாளர் பெயரில் எழுதப்படும்வரை, அவர் அனுபவசாலிகளைத்தான் களமிறக்குவார். அந்தக் கணக்கைத் தம் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் அணியின் உரிமையாளர்கள்.