ஸஃபாவிலும் நீரில்லை, மர்வாவிலும் நீரில்லை



நம் திருச்சியிலே பாலக்கரை, தென்னூர், வரகனேரிப் பக்கங்களில் நர்சுப் படிப்பு முடித்த பெண்மக்கள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். தமிழ்நாடு நர்சுகள் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் இங்கே வேலை பார்க்கத் தடையில்லை. காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு இரவு ட்யூட்டிக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனால் வீட்டுக் கடனும் தம்பி தங்கைகளின் படிப்பும் கண்முன் நிற்கும்போது, அரபு நாட்டுக்கோ அமெரிக்காவுக்கோ போனால் தேவலை என்று தோன்றுவது இயற்கைதானே! அதற்கு அந்தந்த நாட்டின் லைசென்ஸ் பரீட்சையில் தேறியாக வேண்டும். அதிலே இரண்டு முறை, மூன்று முறை தவறிய பெண்களைப் பற்றித்தான் இம்மாதம் பேச விரும்புகிறோம்.

தவறிய செய்தி வந்த வீட்டில் என்ன நடக்கிறது? "நஸீபு இல்லை, விட்டுவிடும்மா" என்கிறார் அத்தா. "கண்ணேறு பட்டுவிட்டது" என்கிறார் மாமி. "கட்டிய பணமெல்லாம் போச்சே" என்கிறார் அண்ணன். அந்தப் பெண்ணோ, "தொழுதேன், நோன்பு வைத்தேன், அழுது துஆ கேட்டேன், அல்லாஹ் என்னைக் கைவிட்டானோ?" என்று உள்ளுக்குள் குமைகிறாள். பரீட்சையில் தவறியது சிறிய நஷ்டம். ரப்பின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழப்பதோ பெரிய நஷ்டம்!

ஹழ்ரத் ஹாஜரா (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். பாலைவனத்தில் கைக்குழந்தையுடன் விடப்பட்டார்கள். இது அல்லாஹ்வின் கட்டளை என்று அறிந்ததும், அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்று உறுதி கொண்டார்கள். அத்தகைய தவக்குல் உள்ளவர்கள் குழந்தையருகே அமர்ந்து காத்திருந்தார்களா? இல்லை! ஸஃபா மீது ஏறிப் பார்த்தார்கள், யாருமில்லை. மர்வா மீது ஏறிப் பார்த்தார்கள், யாருமில்லை. இப்படி ஏழு முறை! ஏழு முறையும் தண்ணீர் கிடைக்கவில்லை. உலகத்தார் கணக்கில் அது ஏழு தோல்வி. அல்லாஹ்வின் கணக்கிலோ, கியாமத் நாள் வரை ஹாஜிகளெல்லாம் பின்பற்றும் அமல். அதற்கு ஸஃயு, அதாவது முயற்சி, என்றே பெயர்!

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓடவில்லை. ஒவ்வொரு முறையும் குன்றேறி நாலாபுறமும் பார்த்தார்கள். பரீட்சை எழுதும் நம் பிள்ளைகளும் அப்படியே பார்க்க வேண்டும். அமெரிக்காவின் என்கிளெக்ஸ் பரீட்சையில் தவறியவருக்கு, எந்தப் பகுதியில் தேர்ச்சி அளவுக்கு மேலே இருந்தார், எதில் அதையொட்டி இருந்தார், எதில் கீழே இருந்தார் என்று காட்டும் அறிக்கை வருகிறது. அழுதுகொண்டே அதைக் கிழித்துப் போடாதீர்கள். அதுதான் நீங்கள் ஏறிப் பார்க்க வேண்டிய குன்று! மறுபடி எழுத குறைந்தது 45 நாள் ஆகும். அந்த நாட்களைக் கீழே இருந்த பகுதிகளுக்குச் செலவிடுங்கள். 85 முதல் 150 கேள்வி வரை வரும் அந்தப் பரீட்சையில், சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும். ஆகவே கேள்வி கடினமாக இருக்கிறதே என்று நடுவில் மனம் தளர வேண்டாம்.

"அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே" என்ற புலம்பல் ஷைத்தானுக்கு வாசல் திறக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பயனுள்ளதை நாடு, அல்லாஹ்விடம் உதவி தேடு, சோர்ந்துவிடாதே என்பதே அவர்களது போதனையின் கருத்து. போனதை எண்ணிப் புலம்புவது வேறு. அடுத்த ஓட்டத்துக்காகக் குறையைத் தேடுவது வேறு.

சோர்ந்திருக்கும் நேரத்தில்தான் குறுக்கு வழி காட்டுகிறவனும் வருவான். "பணம் கொடு, கேள்வித்தாள் தருகிறேன், அனுபவச் சான்றிதழ் தயார் செய்கிறேன்" என்பான். அம்மா, அது ஹராம்! அந்தப் பரீட்சை உங்களை அவமதிக்க வைத்ததல்ல; படுக்கையில் கிடக்கும் நோயாளியின் உயிரைக் காக்க வைத்த காவல். மருந்தின் அளவு தெரியாமலே பொய்யால் தேறி, ஓர் உயிர் போய்விட்டால் மஹ்ஷரில் யார் பதில் சொல்வது?

பெற்றோர்களே! மாமனார் மாமியார்களே! தவறி வந்த பெண்ணிடம் செலவுக் கணக்கைப் பேசாதீர்கள். இரவு ட்யூட்டி முடித்து வருகிறவளுக்கு அடுப்படி வேலையைக் குறைத்து, படிக்க இரண்டு மணி நேரம் கொடுங்கள். தாயத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

நர்சுத் தொழிலின் சிறப்பையும் மறக்க வேண்டாம். ஹிஜ்ரி 5-இல் நடந்த அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு, மதீனத்துப் பள்ளிவாசலில் கூடாரமிட்டுச் சிகிச்சை செய்தவர் ருஃபைதா (ரலி) அம்மையார். இன்று ஸ்ரீரங்கத்தில், பிள்ளைகள் கடல்கடந்திருக்க, தனித்துக் கிடக்கும் ஒரு முதியவரின் புண்ணை நம் மகள் துடைத்துக் கட்டுகிறாள் என்றால், அது அந்த அம்மையாரின் வழியல்லவா? லைசென்ஸ் வராததால் அந்த நன்மை குறைந்துவிடுமா?

கடைசியில் ஸம்ஸம் எங்கே பொங்கியது? ஓடிய ஸஃபாவிலும் இல்லை, மர்வாவிலும் இல்லை. குழந்தை கிடந்த இடத்தில்! உங்கள் ரிஸ்க்கும் துபாயிலோ அமெரிக்காவிலோதான் இருக்கிறது என்று யார் கண்டது? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக நம்மூர் அரசு ஆஸ்பத்திரியிலேயே அது இருக்கலாம். அந்த வாசலையும் தட்டுங்கள். ஆனால் ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் வந்த பிறகும் ஹாஜரா (அலை) அவர்கள் சும்மா இருக்கவில்லை. கையால் மண்ணணைத்துத் தேக்கினார்கள்.

யா அல்லாஹ்! முயன்று களைத்த எங்கள் பெண்மக்களுக்கு ஸபுரையும் தெளிந்த அறிவையும் தருவாயாக! ஹலாலான ரிஸ்க்கை விசாலமாக்குவாயாக! அவர்கள் மனம் நோகப் பேசாத நாவை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்!