ஆட்டின் உயிரும் குழந்தையின் உயிரும்

பெங்களூரின் கிழக்கே, காக்ஸ் டவுனை அடுத்து ஜீவனஹள்ளி என்றொரு பகுதி இருக்கிறது. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் கண்டோன்மென்ட் வட்டாரத்தைச் சேர்ந்தது அது. வெறிநாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள் போட வேண்டும் என்று அங்குள்ள முதியவர்கள் சொல்லக் கேட்கலாம். தென்னாட்டின் எந்த ஊரிலும் முதியவர்களுக்கு அந்த ஊசி நினைவிருக்கும். ஊசியில் இருந்த மருந்து எங்கிருந்து வந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அது செம்மறியாட்டின் மூளையிலிருந்து வந்தது. ஆட்டின் மூளைக்குள் வெறிநோய்க் கிருமியைச் செலுத்துவார்கள். நோய் முற்றி ஆடு செயலிழந்ததும் அதைக் கொன்று, மூளையை அரைத்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து மருந்தாக்குவார்கள்.

நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் வெறிநோயிலிருந்து பிழைப்பவர் அநேகமாக எவருமில்லை. ஆகவே கடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்க்கு ஆட்டைப் பற்றிய கேள்வி எழுவதில்லை. எழ வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையாகாது. ஆனால் சமுதாயம் முழுவதற்கும் அந்தக் கேள்வி உண்டு. ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரை வதைப்பது தர்மமா?

‘ஆம்’ என்று சொல்லும் வாதத்திற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. விலங்குச் சோதனை இல்லாமல் மருத்துவம் ஒரு விஞ்ஞானமாக முடியாது என்று பிரெஞ்சு உடலியல் அறிஞர் க்ளோத் பெர்னார் 1865-இல் எழுதினார். அவருடைய சொந்த மனைவியே அவரது சோதனைகளை வெறுத்துப் பிரிந்து சென்றது வேறு கதை. 1876-இல் பிரிட்டனில் இச்சோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. எதிர்ப்பு மேலும் வலுக்கவே, 1908-இல் ஸ்டீஃபன் பேஜட் என்ற மருத்துவர் ஆராய்ச்சியை ஆதரித்து ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இவர்கள் பெரிதும் எடுத்துக்காட்டிய பெயர் லூயி பாஸ்டர். 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசஃப் மீஸ்டருக்கு அவரது மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்குமுன் முயல்களும் நாய்களும் ஏராளமாக மடிந்திருந்தன. நாயின் மண்டையில் துளையிடும் சோதனையைப் பாஸ்டரால் மனத்தளவில் தாங்க முடியவில்லை. அவர் இல்லாத நேரத்தில் சீடர் ரூ அதைச் செய்து முடித்தார் என்பார்கள். ஆதரவாளர்கள் இதை அவரது கருணைக்குச் சான்றாகச் சொன்னார்கள். பார்க்க முடியாத ஒன்றை வேறொருவர் கையால் செய்து முடிப்பது எத்தகைய கருணை என்று எதிர்ப்பாளர்கள் கேட்டிருக்கலாம்.

இந்தியாவில் பாஸ்டர் நிலையம் அமைக்கும் முயற்சிகளுக்கு 1890-களிலேயே எதிர்ப்பு இருந்தது. எனினும் 1900-இல் கசௌலியிலும், 1907-இல் நீலகிரியின் குன்னூரிலும் நிலையங்கள் எழுந்தன. செம்மறியாட்டு மூளை மருந்தைக் கசௌலியில் உருவாக்கியவர் டேவிட் செம்பிள். உயிருள்ள பிராணிகளை அறுத்துச் செய்யும் ஆராய்ச்சியைக் காந்தியடிகள் முற்றிலும் வெறுத்தார். அதனால் கிடைக்கும் பயனைக்கூட அவர் வேண்டவில்லை.

சுதந்திர இந்தியாவில் இக்கேள்வியைப் பாராளுமன்றத்திற்குக் கொண்டுசென்றவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1953-இல் மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே சட்டம் செய்யும் என்ற நேருவின் உறுதிமொழியை ஏற்றுத் திரும்பப் பெற்றார். 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன் 14-ஆம் பிரிவு, உயிரைக் காக்கவும் துன்பத்தைத் தணிக்கவும் உதவும் அறிவுக்காகச் செய்யப்படும் சோதனைகளை அனுமதித்தது. 17-ஆம் பிரிவு அந்த அனுமதிக்கு வேலியிட்டது: தவிர்க்க முடிந்த இடத்தில் சோதனையைத் தவிர்க்க வேண்டும், சிறு பிராணி போதுமென்றால் பெரிய பிராணியைத் தொடக்கூடாது, மயக்க மருந்து தர வேண்டும், வெறும் கைப்பழக்கத்திற்காக அறுக்கக்கூடாது. 1962-இல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் ருக்மிணி தேவியே. அவர் விரும்பியது முழுவதும் கிடைக்கவில்லை, கிடைத்தது சிறிதுமன்று.

சாஸ்திரங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. கொன்று பெறும் ஆக்கம் எவ்வளவு பெரிதாயினும் சான்றோர் அதை இழிந்ததாகவே கருதுவர் என்பது திருவள்ளுவர் கொள்கை. அதில் விலக்கு ஏதுமில்லை. மகாபாரதத்தின் தர்மவியாதரோ வேறுவிதமாகச் சொல்கிறார். ஏர் உழும்போதும் நடக்கும்போதும் எண்ணற்ற உயிர்கள் மடிகின்றன, ஹிம்சை கலவாத வாழ்வு எவருக்குமில்லை என்று அந்தக் கசாப்புக்காரர் ஒரு பிராம்மணருக்கு உபதேசிக்கிறார். சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளில் எடுத்துச் சொன்ன கதை இது. யாகத்தில் வெட்டப்படவிருந்த ஆட்டுக்குப் பதிலாகத் தம்மையே பலியிடும்படி புத்தர் கேட்ட நிகழ்ச்சியிலும் சுவாமிஜி உள்ளம் உருகியவர்.

தர்மவியாதரின் உபதேசத்தைச் சோதனைச்சாலைக்குச் சாக்காகச் சொல்வது எளிது. ஹிம்சை தவிர்க்க முடியாதது என்றார் அவர். தவிர்க்க முடிந்ததையும் செய்யலாம் என்று சொல்லவில்லை. அந்த எல்லையை மனிதர் எவ்வளவு எளிதில் மறக்கிறார்கள் என்பதற்கு இந்நாட்டுக் குரங்குகளே சாட்சி. போலியோ மருந்துக்காகவும் மருத்துவ ஆராய்ச்சிக்காகவும் என்ற நிபந்தனையோடு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவை கதிர்வீச்சுச் சோதனைகளுக்கு ஆளாயின. மொரார்ஜி தேசாய் அரசு 1978-இல் அந்த ஏற்றுமதியை நிறுத்தியது.

செம்மறியாட்டின் கதை இதைவிட நெருடுவது. 1962-இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக்குரங்கு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்கள் சோதனைக் குடுவையில் இன்றுவரை பெருகி வருகின்றன. வீரோ எனப்படும் அந்த உயிரணுக்களில் வளர்த்த வெறிநோய்த் தடுப்பு மருந்து 1980-களிலேயே உலகுக்குக் கிடைத்தது. அதற்கு ஆட்டைக் கொல்ல வேண்டியதில்லை. பழைய மருந்தோ ஆட்டை மட்டும் வதைக்கவில்லை. அதிலிருந்த மூளைத் திசுவினால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குப் பக்கவாதமே வந்தது. ஆயினும் இந்தியாவில் அது முற்றிலும் நின்றது 2004 இறுதியில்தான். புதிய மருந்தின் விலை அதிகம் என்பது முக்கியக் காரணம். ஏழை நாட்டில் விலை அற்பமான காரணமன்று. ஆனால் ‘வேறு வழியில்லை’ என்று தொடங்கிய வாதம், வேறு வழி பிறந்த பின்னும் பெயர் மாறாமல் தொடர்ந்தது. ‘வேறு வழிக்குச் செலவாகும்’ என்று அதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியாவது முன்னரே எழுந்திருக்கும்.

இன்று ஜீவனஹள்ளியில் நாய் கடித்த குழந்தைக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி இல்லை. கையில் நான்கைந்து ஊசிகள் போதும். காயம் ஆழமாக இருந்தால், அதைச் சுற்றி ஒரு சீரமும் செலுத்துவார்கள். மனித ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரத்தின் விலை அதிகம் என்பதால், நம் நாட்டில் பலருக்குக் கிடைப்பது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்ததுதான். சோதனைக்கூடத்திலேயே உருவாக்கும் மாற்று மருந்துகளும் வரத் தொடங்கிவிட்டன. குதிரைகள் இன்னும் லாயத்தில் நிற்கின்றன.