அடுத்தவர் நேரமும் நம் தொழுகையும்

நமக்கு ஆகுமான ஒன்றைக் கேட்டுப் பெறுவது குற்றமன்று. ஆனால் கொடுக்கிறவர் கொடுப்பது முழுவதும் அவருக்கே சொந்தமானதுதானா என்று பார்க்கும் பொறுப்பு, பெற்றுக்கொள்கிறவருக்கு உண்டா? கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் 2007 மார்ச் மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சி இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

அங்கே குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் நீர் உறைந்து பகலில் இளகும் சில வாரங்களில், மேப்பிள் மரத்தைத் துளையிட்டுப் பதநீர் போன்ற இனிப்பு நீரை இறக்குகிறார்கள். சுமார் 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். காய்ச்சும் இடமே பருவகால உணவு விடுதியும் ஆகிறது. 'சர்க்கரைக் குடில்' என்று அதற்குப் பெயர். குழந்தை குட்டிகளோடு குடும்பம் குடும்பமாகப் போய் நீண்ட மேசைகளில் அமர்ந்து உண்கிறார்கள். சூடான பாகைப் பனியின்மேல் ஊற்றி, இறுகியதும் குச்சியில் சுருட்டிக் கொடுக்க, பிள்ளைகள் சப்பித் தின்பார்கள். பிறகு இசையும் ஆட்டமும் நடக்கும்.

இது வழிபாட்டோடு சேர்ந்த விருந்தல்ல, பருவத்தின் மகிழ்ச்சி. ஆகவே போவதே கூடாது என்று சொல்ல நம்மால் இயலவில்லை. மது பரிமாறப்படும் மேசையில் மட்டும் நமக்கு இடமில்லை. சிக்கல் உணவில்தான் இருக்கிறது. பட்டாணி சூப்பில் பன்றித் தொடை இறைச்சி. பீன்ஸில் பன்றிக் கொழுப்பு. போதாததற்கு மொறுமொறுப்பாகப் பொரித்த பன்றித் தோல் வேறு. பாகு பொங்கி வழியாமலிருக்க முற்காலத்தில் கொப்பரைக்கு மேலே ஒரு துண்டுப் பன்றிக் கொழுப்பைக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் இருந்தது. வெண்ணெயோ தாவர எண்ணெயோ இடுகிறவர்களும் உண்டு. இனிப்புதானே என்று விசாரியாமல் வாயில் வைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். மோன் சேன் கிரெகுவார் என்ற ஊரிலுள்ள ஒரு குடிலுக்கு முஸ்லிம் சங்கத்தார் சிலர் போனார்கள். ஒரு வாரம் முன்பே நிர்வாகத்துடன் பேசி, தங்களுக்கு மட்டும் பன்றி சேராத சூப்பும் பீன்ஸும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஹலால் இறைச்சி வகைகளைத் தங்கள் செலவிலேயே கொண்டு சென்றார்கள். தனி அறையில் உண்டு முடித்ததும் அங்கேயே தொழுவதற்கு மேசைகளை ஒதுக்கினார்கள். வெளியிலோ சுமார் 300 பேர் இடத்துக்காகக் காத்திருந்தனர். எனவே நிர்வாகமே, ஆட்டக்கூடத்தில் தொழுதுகொள்ளுங்கள் என்றது. அங்கே சுமார் 30 பேர் இருந்தார்கள். பத்து நிமிடத்துக்கும் குறைவாக இசை நிறுத்தப்பட்டது. நாற்பது பேர் அளவில் தொழுதார்கள். நடந்தது இவ்வளவே.

ஊரில் பரவிய கதையோ வேறு. முஸ்லிம்கள் திடீரென வந்து சமையலை மாற்றச் சொன்னார்களாம். வந்த அத்தனை பேரும் இறைச்சியில்லாத சூப்பைக் குடிக்க நேர்ந்ததாம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெளியே துரத்தப்பட்டார்களாம்! பேராசிரியர்கள் ஜெரார் பூஷார், சார்ல்ஸ் டெய்லர் தலைமையில் மாநில அரசு அமைத்த குழு, 2008-ல் தந்த அறிக்கையில் பரவிய கதையையும் உண்மையில் நடந்ததையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டிற்று. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று அல்லாஹ் நமக்கு இட்ட கட்டளை எவ்வளவு பெரிய நிஃமத் என்பது, அது பேணப்படாத இடத்தில்தான் விளங்குகிறது. (நம் வீட்டுத் திண்ணைப் பேச்சிலும் அது எந்த அளவுக்குப் பேணப்படுகிறது என்பதை நாம் அறிவோம்.)

ஆனால் கதை பொய் என்பதனால் நம் கேள்வி தீர்ந்துவிடவில்லை. உணவு விஷயத்தில் அந்தச் சகோதரர்கள் நடந்துகொண்ட முறை அழகானது. முன்கூட்டிக் கேட்டார்கள், தம் பணத்தைச் செலவிட்டார்கள், அடுத்த மேசைக்காரருடைய தட்டில் எதுவும் குறையவில்லை. தொழுகை விஷயம் அப்படியல்ல. கூடம் நிர்வாகத்துடையது, இசையும் அவர்களுடையது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் முப்பது பேருடையது. அதை நிர்வாகம் எடுத்துக் கொடுத்தது.

சபையில் அமர்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இதை அறிவித்த இப்னு உமர் (ரலி) அவர்களோ, ஒருவர் தாமாகவே எழுந்து இடம் தந்தாலும் அங்கே உட்கார விரும்பமாட்டார்கள். விரும்பிக் கொடுத்ததிலேயே இத்தனை பேணுதல்!

'தொழுகையல்லவா, அதைவிட ஆட்டம் பெரிதா?' என்று கேட்கலாம். பெரிதல்லதான். ஆயினும் ளுஹரின் நேரம் விசாலமானது. முதல் நேரத்தில் தொழுவது சிறப்பு. அச்சிறப்புக்காக, அதை அறியாத ஒருவரைக் காத்திருக்க வைக்க வேண்டுமா? முப்பது பேரிடமும் ஒரு வார்த்தை அனுமதி கேட்கலாம். நான்கைந்து பேராகப் பிரிந்து ஓரமாகத் தொழலாம். அந்த அறையிலேயே நின்றிருந்தால் வெளியே நிற்கும் 300 பேருடைய நேரம் போயிருக்கும் என்பதும் உண்மை. ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருடைய ஹக்கு குறுக்கே வருகிறது. அதனால்தான், சூப்பைப் பற்றி ஒரு வாரம் முன்பே பேசுகிறவர்கள் தொழுமிடத்தைப் பற்றியும் அதே பேச்சில் கேட்டு வைக்க வேண்டும் என்கிறோம்.