வகுப்பறை மணிப்பிரவாளம்

ஆங்கில வழிக் கல்வி என்று பேச்செடுத்தாலே, தமிழ்ப் பற்று ஒரு பக்கமும் பிழைப்பு ஒரு பக்கமுமாக மேடை போட்டுவிடுகிறார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு உள்ளே என்ன நேர்கிறது என்பது பேசப்படாமலே போகிறது.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இந்த வகுப்புகள் பலவற்றில் நடப்பது ஆங்கிலப் போதனையே அல்ல. ஆசிரியை ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசிக்கிறார், தமிழில் விளக்குகிறார், பரீட்சைக்கான விடையை ஆங்கிலத்தில் எழுதிப் போடுகிறார். வெயிலில் ஈரத்துணி காய்வதைத் தமிழில் பளிச்சென்று பிடித்துக்கொண்ட பையன், 'எவாப்பரேஷன்' என்று தொடங்கும் வாக்கியத்தில் ஒரு சொல் மறந்ததும் நின்றுவிடுகிறான். அவனுக்குப் புரிந்தது கணக்கில் சேரவில்லை. புரியாதது மார்க் வாங்குகிறது.

கலப்பு மொழி ஸ்ரீரங்கத்துக்குப் புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம்பிள்ளை இங்கே திருவாய்மொழிக்குச் சொன்ன வியாக்கியானத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் ஏற்றினார். ஈடு முப்பத்தாறாயிரம் அப்படி வந்தது, மணிப்பிரவாளம். சமஸ்கிருதம் அங்கே அர்த்தத்துக்குத் துணையாக வந்தது. கேட்டுப் புரிந்துகொண்ட பாஷையை வாசலில் கழற்றிவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை. இன்றைய வகுப்பறை மணிப்பிரவாளத்தில் தமிழ் வெறும் சாரம். கட்டடம் எழுந்ததும் பிரித்து எறியப்படுகிறது.

சட்டம் வேறு திசையில் போயிற்று. ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் அல்லது தாய்மொழி என்ற தமிழக அரசின் 1999 ஆணை, 2000இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. கர்நாடகத்தின் 1994 ஆணை பற்றிய வழக்கில், ஆரம்ப வகுப்பிலும் அரசு தாய்மொழியைத் திணிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பரவின. திணிப்பு கூடாது, எனக்கும் சம்மதம். ஆனால் கூலி வேலைக்குப் போகும் தகப்பன் தேர்ந்தெடுப்பது மொழியையா? பாரம் நிரப்ப ஆள் தேடி அலைந்த அவமானம் பிள்ளைக்கு வேண்டாம் என்கிறான். அவனைக் குறை சொல்லும் யோக்யதை நமக்கு இல்லை. இந்தப் பத்திரிகையில் எழுதுகிற நம்மில் எத்தனை பேர் வீட்டுக் குழந்தைகள் தமிழில் படிக்கின்றன?

பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளையே என் கவுண்டருக்கு வருகிறான். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம், தமிழில் எழுதக் கூச்சம். கடன் பத்திரத்தை நீட்டினால் சந்தேகம் எதுவும் கேட்பதில்லை. பள்ளியிலும் கேட்டிருக்க மாட்டான். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகலாமா ஸார் என்கிறான்.