தீமையிலிருந்து பிறந்த அழகு



ஜப்பான் தேசத்தின் யாமகுச்சி மாநிலத்தில், கடலோரமாக ஹாகி என்னும் சிறு நகரம் ஒன்று உண்டு. அங்கே வனையப்படும் தேநீர்க் கிண்ணங்கள் பேர்பெற்றவை. மேற்பூச்சிலுள்ள மயிரிழை போன்ற வெடிப்புகளின் வழியாகத் தேநீர் ஊறி ஊறி, ஆண்டுகள் செல்லச் செல்லக் கிண்ணத்தின் நிறம் மாறி அழகு கூடும்.

ஆனால் இக்கைத்தொழில் அவ்வூருக்கு வந்த விதம் அழகானதன்று. 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷி என்பவன் கொரியாவின்மேல் படைகளை ஏவினான். யுத்தத்திற்குச் சென்ற பிரபுக்கள் கொரியக் குயவர் பலரைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். அவர்களில் இரு சகோதரரே, மோரி என்னும் பிரபுவின் ஆதரவில் ஹாகியில் சூளையிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

"அந்த யுத்தம் நடவாதிருந்தால் இந்தக் கிண்ணங்கள் ஏது? ஆகையால் தீமையும் ஒருவகையில் நன்மைதானே?" என்று ஒருவன் கேட்கலாம். அல்லவே அல்ல. நன்மை விளையட்டுமென்று தீமை செய்யலாகாது என்பது அர்ச். சின்னப்பரின் போதனை. குயவரின் திறமையைப் பட்டயம் உண்டாக்கவில்லை. அது அவர்கள் சொந்த நாட்டில் கற்றது. அந்நிய மண்ணைப் பிசைந்த பொறுமையும் அவர்களுடையதே.

சூசையை அவன் சகோதரர் விற்றார்கள். சர்வேசுரனோ அவனைக்கொண்டே பஞ்சகாலத்தில் அநேகருக்கு உணவளித்தார். அதனால் விற்றவர்களின் பாவம் புண்ணியமாகிவிட்டதா? இல்லை. தீமையிலிருந்தும் நன்மையை வருவிப்பது சர்வேசுரனுடைய வல்லமை. அது பாவியின் பெருமையல்ல.

இதே ஹாகிக்கு 1868-ல், நாகசாகியை அடுத்த உரகாமி விசுவாசிகளில் ஒரு பகுதியினர் வேதத்தினிமித்தம் நாடுகடத்தப்பட்டார்கள். பசியாலும் வாதைகளாலும் சிலர் அங்கேயே மாண்டார்கள். 1873-ல்தான் விடுதலை கிடைத்தது. அவர்களுடைய விசுவாச உறுதியைப் போற்றுகிறோம். வாதித்தவர்களுக்கு நன்றி சொல்வதில்லை.

அப்படியானால் ஹாகிக் கிண்ணத்தில் தேநீர் அருந்துவது பாவமா? அல்ல. அதை வனையக் கொண்டுவரப்பட்டவர்கள் மாண்டு நெடுங்காலமாயிற்று; அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடியது நினைவு ஒன்றே. ஆனால் அநியாயம் அடைந்தவன் அடுத்த வீட்டில் உயிரோடிருந்தால், நினைவு மாத்திரம் போதாது. தம்பியின் பங்கை ஏமாற்றிப் பெற்ற நிலத்தின் விளைச்சலால் பிள்ளைகள் படித்திருக்கலாம். கோவிலுக்குக் காணிக்கையும் வந்திருக்கலாம். அந்த நற்பலன்களைக் காட்டி மனச்சாட்சியைத் தூங்கவைக்க வேண்டாம். பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கேட்கிறவன், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவன். உரியவன் உயிரோடிருக்கிறபோதே அதைச் செய்வோமாக.

உங்கள் பங்குக் குரு