பழகாத கையும் அமானிதமும்

ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பிள்ளைகளை வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் அனுப்பிவிட்டு, திருச்சி விமான நிலைய வாயிலில் துஆச் செய்து திரும்பும் பெற்றோர் பலர். விமானத்தின் கதவு சாத்தப்பட்டபின் உள்ளே நடைபெறும் சிறு கடமையொன்றை அவர்கள் அறிய வாய்ப்பில்லை. ஆபத்து நேரிடின் பயணிகள் சறுக்கி இறங்குவதற்கென, கதவோரம் காற்றடைக்கும் மெத்தையொன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. புறப்படுமுன் பணிக்குழுவினர் அதைக் கதவு திறந்ததும் விரியுமாறு பிணைத்தல் வேண்டும். தரையிறங்கி நின்றபின் அப்பிணைப்பை நீக்குதல் வேண்டும். பிணைக்க மறந்தால் ஆபத்தில் உதவாது. நீக்க மறந்து கதவைத் திறந்தால் நொடிகளில் சீறி விரிந்து, அருகிருப்போரைக் காயப்படுத்தவும் கூடும்.

இக்கடமை எல்லா விமானங்களிலும் ஒன்றுபோல் இல்லை. போயிங் 737இல் கதவடியிலுள்ள தண்டைக் குனிந்து தரையில் மாட்டவேண்டும்; ஏர்பஸ் 320இல் கதவருகேயுள்ள நெம்புகோலை அசைத்தால் போதும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றிலும் பழைய வழியையே நாடும். ஐரோப்பிய விதிகள் பணிக்குழுவினர் ஒருவரைப் பொதுவாக மூன்று வகை விமானங்களுக்கு மேல் பணியமர்த்தலாகாது என வரையறுத்துள்ளன.

விமானிகளுக்கும் இது பொருந்தும். 1990 பிப்ரவரி 14ஆம் நாள், இந்தியன் ஏர்லைன்ஸ் அதற்கு முந்திய ஆண்டில்தான் சேவையில் சேர்த்திருந்த ஏர்பஸ் 320 வகை விமானமொன்று, பம்பாயிலிருந்து வந்து பெங்களூரில் இறங்குகையில், ஓடுபாதையை எட்டுமுன் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். இயந்திரங்கள் மிகக் குறைந்த விசையில் இயங்க, வேகம் தளர்ந்துகொண்டே வந்தது. அதன் கடுமையை உணர்ந்து விமானிகள் உடனே விசையைக் கூட்டவில்லை என்று விசாரணை முடிவு செய்தது. அவர்கள் நெடுநாள் பறந்தவர்கள். அவ்வகை விமானமோ அவர்களுக்குப் புதிது.

குற்றம் யாருடையது? மருத்துவம் அறியாது மருத்துவம் செய்தவன், நன்மையே நாடியிருப்பினும், நேர்ந்த கேட்டுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. ஆனால், ஒன்றை நன்கு அறிந்தவனை மற்றொன்றில் நிறுத்தினால்? நம் புதாற்றின் ஒரு மதகில் முப்பதாண்டு நின்ற லஸ்கரை வேறு மதகுக்கு மாற்றி, அதன் திருகு எப்பக்கம் சுழலும் என்று காட்டாமல் விட்டார்கள் என்று கொள்வோம். வயல் மூழ்கியதற்கு அவனை மட்டும் ஏசுவது நீதியன்று. அமானிதத்தை ஒப்படைத்தவனே முதலில் பொறுப்பாளி.

ஆயினும் அந்த லஸ்கருக்கும் ஒரு பங்குண்டு. “எனக்கு இது பழக்கமில்லை, காட்டுங்கள்” என்று அவன் கேட்டிருக்கலாம். முப்பதாண்டு அனுபவமே அவன் நாவைக் கட்டிவிடுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ தம்மிடம் வந்த வினாக்கள் பலவற்றுக்குத் ‘தெரியாது’ என்றே விடை பகர்ந்தார்கள் என்பது அறிஞர் மரபில் வழங்கும் செய்தி. அதனால் அவர்களின் கண்ணியம் குறைந்துவிடவில்லை.

இதை எழுதும்போது நமக்கே நாணம் உண்டாகிறது. பாடத்தில் ‘விளங்கவில்லை’ என்ற மாணவனை நாமும் கடிந்ததுண்டு. மறுநாள் அவன் விளங்கியதுபோல் தலையசைத்தான். நாமும் மகிழ்ந்து அடுத்த பாடத்துக்குச் சென்றோம். அப்படித் தலையசைக்கப் பழகியவன் நாளை ஒரு விமானத்தின் கதவருகே நிற்கக்கூடும். ஆகவே, பெற்றோரே, பிள்ளை ‘தெரியாது’ என்று சொல்லும்போது சினவாதீர்கள், அருகிருத்திக் காட்டிக்கொடுங்கள்.