தீரும் கணக்கு, வளரும் கணக்கு

சுண்ணாம்புக்கல் கணக்கில் குழப்பம் கிடையாது. படுகையின் பரப்பைக் கனத்தால் பெருக்கி, வரும் கன மீட்டரை அடர்த்தியால் பெருக்கி, ரோட்டுக்கும் ஓடைக்கும் லீஸ் எல்லைக்கும் விட வேண்டியதைக் கழித்தால் டன் கிடைத்துவிடும். அதை ஆண்டு உற்பத்தியால் வகுத்தால் சுரங்கத்தின் ஆயுள். அரியலூர் வட்டாரத்துச் சுரங்கங்களில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கணக்கு என் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

நாங்கள் அளந்ததில் பெரும்பகுதி சிப்பி. கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கும் கல்லங்குறிச்சியின் பெயரையே அந்தச் சுண்ணாம்புப் பாறைக்கும் வைத்திருக்கிறார்கள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. மேற்கே பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பக்கம் போனால் அதைவிடப் பழைய கடலடி மண் சிவப்பும் பழுப்புமாக அரித்துக் கிடக்கும். கல்லங்குறிச்சிப் பாறையில் அடுக்கடுக்காக இருப்பது கிரிஃபியா என்ற சிப்பி. கையில் எடுத்தால் கனம் தெரியும். அடி ஓடு தடித்து, கிண்ணம்போல் உள்நோக்கி வளைந்திருக்கும். மேலோடு சின்ன மூடி. ஓட்டின் முதுகில் வரிவரியாக வளர்ச்சிக் கோடுகள். கோடுகள் நெருங்கி ஓடும் இடத்தில் அந்த உயிர் மெதுவாக வளர்ந்திருக்கிறது; விலகி ஓடும் இடத்தில் நன்றாக வளர்ந்திருக்கிறது. சில ஓடுகளில் குண்டூசி நுழையும் அளவுக்குத் துளைகள் இருக்கும். கடற்பஞ்சு குடைந்தவை அவை. அத்தனையும் கிளிங்கராகி, சிமென்ட் மூட்டையாகி, வீடுகளாக நிற்கிறது.

உயிரோடு சிப்பி வளர்க்கும் படுகைக்கு வேறொரு கணக்கு இருக்கிறது என்பதை மிகத் தாமதமாகத்தான் படித்தேன். அதிலிருந்துதான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது: வேறோர் உயிரின் வளர்ச்சியை மனிதன் சமன்பாடு போட்டு நிர்வகிப்பது தகுமா? எங்கள் சன்மார்க்க சங்கத்தில் இதைச் சொன்னபோது ஒரு வாலிபர் நேராகவே கேட்டார்: "கொல்றதுக்குன்னு வளக்குறாங்க. அதுக்குக் கணக்கு வேறயாங்கய்யா?"

அவர் கேட்டது நியாயம். நான் பிறந்ததிலிருந்து புலால் தொடாதவன். வள்ளலார் வழியில் வளர்ந்த வீடு. ஆனாலும் அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

சிப்பி நகர்ந்து போய் இரை தேடாது. தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்னும். நன்கு வளர்ந்த ஒரு சிப்பி மணிக்குச் சில லிட்டர் நீரை வடிகட்டும். ஆகவே ஒரு கழிமுகம் எத்தனை சிப்பியைத் தாங்கும் என்று அறிய மூன்று காலங்களை ஒப்பிடுகிறார்கள். கடல் ஏற்றவற்றத்தில் அந்தக் கழிமுகத்தின் நீர் முழுதும் மாற எத்தனை நாள்? நுண்பாசி பெருகித் தன் அளவை மீண்டும் எட்ட எத்தனை நாள்? அங்கிருக்கும் சிப்பிகள் அவ்வளவு நீரையும் ஒருமுறை வடிகட்டி முடிக்க எத்தனை நாள்? மூன்றாவது காலம் மற்ற இரண்டையும்விடக் குறுகிப்போனால் தண்ணீரில் தீனி தீருகிறது என்று பொருள். பிரான்சின் மரென்-ஒலெரோன் விரிகுடாவில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். சிப்பியைக் கூடுதலாக விட விட, ஒவ்வொரு சிப்பியும் வளர எடுத்துக்கொண்ட காலம் நீண்டது.

ஓரிடத்து உயிர்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் சிந்தனை பிறந்ததே சிப்பிப் படுகையில்தான். ஜெர்மானியரான கார்ல் மோபியுஸ் வடகடல் ஓரத்துச் சிப்பிப் படுகைகளை ஆராய்ந்து 1877-இல் ஒரு நூல் எழுதினார். படுகை என்பது சிப்பி மட்டும் அல்ல, அங்கே கூடி வாழும் அத்தனை உயிர்களும் சேர்ந்த ஒரு சமூகம் என்று அதில் சொன்னார். சூழலியல் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு வளர்ந்தது.

என் தொழில் கணக்கோடு இதை வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று பட்டது. எங்கள் கணக்கில் சிப்பி பண்டமாக நுழைகிறது: இத்தனை டன், இத்தனை சதவீதம் சுண்ணாம்பு. அவர்கள் கணக்கில் அது பசியுள்ள உயிராக நுழைகிறது. முதல் வரியே அது எவ்வளவு தின்னும் என்பதுதான். நம் தொல்காப்பிய மரபியல் சிப்பி இனத்தை ஈரறிவு உயிர் என்று வகுத்தது. மெய்யும் நாவும் உடையது. நா இருந்தால் பசி இருக்கும். வள்ளலாரும் பசியிலிருந்துதான் தொடங்கினார். 1867-இல் வடலூரில் தருமச்சாலை கண்டதும் பசிக்காகத்தான். இந்தத் தண்ணீர் எத்தனை வயிற்றை நிரப்பும் என்று கேட்கிற கணக்கை, கொலைக்கு உதவும் கணக்கு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கொல்வதற்காகப் பசியாற்றுவது கருணை ஆகாது. இதில் நான் வாலிபர் பக்கம்தான். எந்தச் சமன்பாடும் அந்தக் குற்றத்தைக் கழுவாது.

ஆனாலும் சிப்பியின் பசியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய வேறு இரண்டு பசிகள் இருக்கின்றன. கேரளத்தில் கொல்லத்தை ஒட்டிய அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுக்கிறார்கள். உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது கரையில் நின்று பார்த்தேன். பெரிய அண்டாவில் மட்டியை வேகவைத்து, வாய் திறந்ததும் சல்லடையில் தட்டிச் சதையைப் பிரிக்கிறார்கள். அந்த வாடையில் எனக்கு நிற்க முடியவில்லை. ஆனால் பிரிக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தால் அது அவர்கள் உலை அரிசி என்பது புரியும். 1991-இல் சுமார் 10,000 டன் எடுத்த காயலில் 1993-இல் அது பாதியாகச் சரிந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைப்படி அதன்பின் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மட்டி இனம் பெருக்கும் மாதங்களில், எடுப்பதை நிறுத்தினார்கள். குஞ்சு சிக்காதபடி வலைக்கண்ணுக்கு அளவு வைத்தார்கள்; இயந்திரம் போட்டு அள்ளக்கூடாது என்றார்கள். மட்டி மீண்டது. 2014-இல் நீடித்த மீன்பிடிப்புக்கான உலகச் சான்று அந்தக் காயலுக்குக் கிடைத்தது. புலால் உண்ணும் புறவினத்தாருக்கும் பசி நீக்க வேண்டும் என்றுதான் வள்ளலார் வைத்தார். கரையில் நிற்கும் அந்தப் பெண்களிடம் போய் உங்கள் தொழில் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் எழாது.

இன்னொரு பசி, அதே பாசியைத் தின்று வாழும் மீன்குஞ்சு, இறால் முதலியவற்றின் பசி. ஒரு நீர்நிலை தாங்கும் அளவை அறிஞர்கள் பலவாகப் பிரிக்கிறார்கள். அதிக மகசூல் தரும் அளவு ஒன்று. மற்ற உயிர்களின் வாழ்வைக் குலைக்காத அளவு வேறொன்று. இரண்டாவது பெரும்பாலும் முதலாவதைவிடச் சிறியது. எந்தக் கோட்டில் நிற்பது என்று சமன்பாடு சொல்லாது. அங்கேதான் சமயம் பேச வேண்டும் என்பது என் துணிபு. அறிவு இரண்டு எண்களையும் முன்னால் வைத்துவிட்டது. சின்ன எண்ணை எடுத்துக்கொள்வதற்குப் பெயர் நோன்பு.

உயிருள்ள படுகையைச் சுரங்கமாக நினைத்தவர்களும் உண்டு. 1906-இல் இலங்கை அரசு மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை லண்டன் கம்பெனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. பார்களில் சிப்பி அற்றுப்போய், குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பெனி கலைந்தது. மிகையாக அள்ளியது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பாரில் படிந்த குஞ்சுகளை நீரோட்டமும் மணலும் திருக்கையும் எந்த வருடமும் துடைத்துப் போடலாம். ஆனால் குத்தகைப் பத்திரம் போட்டவர்கள் அந்த வருடங்களுக்கு இடம் விட்டுக் கணக்குப் போடவில்லை. நம் பக்கம் தூத்துக்குடியிலும் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை.

கணக்கில் விட்டுவைப்பதற்கும் இடம் வேண்டும் என்பதைத்தான் இங்கே சுரங்கத் திட்டம் எழுதும் தம்பிகளிடம் சொல்லி வருகிறேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எழுதும் அந்தத் திட்டத்தில் எடுப்பதற்கு எல்லாப் பத்தியும் இருக்கிறது. ரோடு, ஓடை, எல்லை என்று சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்களைத் தவிர, விட்டுவைப்பதற்கு ஒரு பத்தி இல்லை. செத்த சிப்பிக்கு நாம் கருணை காட்ட வேண்டியதில்லை. ஆனால் அதைப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் பிறந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். வாரணவாசி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் சில ஓடுகள் இருக்கின்றன. அது போதாது. கல்லங்குறிச்சியில் சிப்பி அடுக்கு அடிமுதல் மேல்வரை தெரியும் ஒரு பெஞ்சை, அதாவது சுரங்கச் சுவரின் ஒரு தட்டை, நூறு மீட்டர் நீளமாவது, வெடி வைக்காமல் நிறுத்த வேண்டும். இறங்கிப் பார்க்கப் படியும் கைப்பிடியும் வேண்டும். அடுத்த திட்டத்தில் அந்த டன்னைக் கையிருப்பிலிருந்து கழித்து எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.